சட்டி ஆறும்வரை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதவும் பெரிதாக வராது. பள்ளிக்கூடம் அதிகம் போனவன் இல்லை. தமிழ் வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்கள் வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மா இடையில் ஏதாவது சேர்த்தால் அதை நம்ப வேண்டாம்.

நம்முடைய வேலை தீக்காவல். எங்கேயாவது இரும்பு ஒட்டுவார்கள், கூரைக்குத் தார் உருக்குவார்கள், தண்டவாளம் அராவுவார்கள். பொறி பறக்கும். நாம் பக்கத்தில் தண்ணீரோடு நிற்போம். அவர்கள் வேலையை முடித்து, சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நாம் போகமாட்டோம். அதன்பிறகுதான் நம் வேலை. எல்லாம் ஆறும்வரை அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

என் மகள் சிறுமியாக இருந்தபோது, அப்பா என்ன வேலை என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். "சுவரைப் பாக்கிறவர்" என்று சொல்லியிருக்கிறாள். பிழை சொல்ல முடியாது.

கருவிகளைப் பற்றி நான் எழுதவில்லை. அதையெல்லாம் இங்கே ஜெர்மனியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் காற்றைப் பற்றி எழுதுகிறேன்.

என்னுடைய முதல் பொறுப்பாளர் ஒரு ஜெர்மன் பெண். தீயணைப்புப் படையில் இருந்து, முழங்கால் பழுதாகி இந்த வேலைக்கு வந்தவர். பெயர் எழுதவில்லை. அவருக்குப் பிடிக்காது. வெயில் கொளுத்தும் நாளிலும் அவருடைய காரின் பின் இருக்கையில் ஒரு தடித்த ஜக்கெற் கிடக்கும். நாங்கள் சிரிப்போம்.

ஒருநாள் ரயில்பாதைக் கரையில் தண்டவாளம் அராவும் வேலை. பல நாளாக வெக்கை. புல் காய்ந்து வெளுத்து நின்றது. எங்கள் கண்ணுக்குத் தப்பி ஒரு பொறி போய் விழுந்தது. தெற்குக் காற்று. நெருப்பு ஒரு பாயின் அகலத்தில், கரையோடு வடக்கு நோக்கி ஓடத் தொடங்கியது. தீயணைப்புப் படைக்குச் சொல்லியாகிவிட்டது. அவர்கள் வரும்வரை நாங்கள்தான். முதுகில் தண்ணீர்ப் பையோடு நெருப்பின் தலையைத் துரத்திக்கொண்டு ஓடினோம். யாரும் அதைத்தான் செய்வார்கள்.

அவர் பின்னாலிருந்து கத்தினார். தலையை விட்டுவிட்டு விலாப்பக்கம் வரச் சொன்னார். நெருப்பு ஓடிய கோட்டின் நீளப் பக்கத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார். அங்கே நெருப்பு கணுக்கால் உயரம்கூட இல்லை. சோம்பலாக ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால், கிழக்கே, சின்னச் சின்ன வாடகைத் தோட்டங்கள். மரக் குடில்கள். ஒரு கிழவர் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

பொறுப்பாளர் மேற்கு வானத்தைக் காட்டினார். அடிவானத்தில் கறுப்பாக ஒரு விளிம்பு.

காற்று நின்றது. பிறகு மேற்கிலிருந்து அடித்தது. ஊர்ந்துகொண்டிருந்த நீளப் பக்கம் முழுவதும் ஒரேயடியாக எழும்பி எங்களை நோக்கி வந்தது. பாய் அகலத்தில் ஓடிய நெருப்பு இப்போது பாதையின் நீளத்துக்கு வந்தது. நாங்கள் ஏற்கெனவே அங்கே நின்றபடியால் பிடித்தோம். கிழவரின் வேலி போனது. தக்காளி தப்பியது.

கொஞ்ச நேரத்தில் குளிர் வந்தது. மழை வரும் என்று முகத்தை மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு துளி விழுந்தது. பிறகு நீல வானம். வியர்வை உடம்பில் குளிர்ந்து பல் கிடுகிடுத்தது. எனக்குச் சந்தோஷம். வெக்கை போய்விட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அவர் ஜக்கெற்றை எடுத்துப் போட்டார். போட்டுவிட்டு, எல்லாரையும் தண்ணீர் நிரப்பச் சொன்னார். அன்று பொழுதுபடும்வரை அந்தக் குளிர் காற்று, அணைந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஊதி எழுப்பியது. குளிரில் நடுங்கிக்கொண்டு நெருப்பு அணைத்தேன்.

அவர் எனக்குத் தந்த பாடம் அவ்வளவுதான். ஜக்கெற் போட்டால் தண்ணீர் நிரப்பு.

வெக்கைக்குப் பின்னால் குளிர் காற்று வரும். அதன் முன்விளிம்பை வானிலைக்காரர் குளிர்முகப்பு என்பார்கள். அதோடு நல்ல மழை வந்தால் பிரச்சினை இல்லை. மழை இல்லாமல் வந்தால், வருவது காய்ந்த காற்று மட்டும். திசை மாறும். வேகம் கூடும். மனிதருக்குச் சுகம். புல்லுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

நம் ஆட்களுக்கு இது விளங்குவது கஷ்டம். யாழ்ப்பாணத்தில் குளிர் காற்று என்றால் வாடை. வாடையோடு மழை வரும். நெருப்புக்குப் பயப்படுகிற காலம் சோளகக் காலம். அது வெக்கைக் காற்று. எங்கள் உடம்பு அப்படித்தான் படித்திருக்கிறது. நாங்கள் இங்கே பதிவாகி எவ்வளவோ காலம். உடம்பு இன்னும் பழைய விலாசத்தில்தான்.

இனி கோயில் கதை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய கோடை. கெல்சென்கிர்ச்சனிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஓர் அம்மன் கோயில். முன்பு சாமான் கிடங்காக இருந்த கட்டடம். தேர்த்திருவிழா அன்று பெண்கள் கற்பூரச் சட்டி எடுப்பார்கள். மண்சட்டியில் கற்பூரம் எரியும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு கோயிலின் வெளிவீதியைச் சுற்றி வருவார்கள். நெருப்பு இருப்பதால் தீக்காவல் வேண்டும் என்று நகரசபை சொல்லியிருந்தது. கோயில்காரர் நம் நிறுவனத்திடம், தமிழாள் ஒருவரை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். நான் போனேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் பின்னால் மூன்று பக்கமும் மதில் உள்ள சீமெந்து முற்றம். முன்பு லொறிகள் நின்ற இடம். கட்டடத்தைச் சுற்றி வெளிவீதி. வீதியின் தென்கிழக்கே கம்பி வேலி. வேலிக்கு அப்பால் கோதுமை வயல், வெட்டப் பதமாக முற்றி நின்றது. வயலுக்கு அப்பால் ஒரு புல்வெளி. அங்கேதான் வந்தவர்களின் கார்கள். பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் தூங்கவிட்டு, கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியோடு இருப்பார்கள். அதற்கு அப்பால் வீடுகள்.

திருவிழாவுக்கு முந்திய நாள்வரை வெக்கை. இரவு இடி இடித்தது. காலையில் குளிர். வானம் துடைத்து வைத்தது போல. வடமேற்குக் காற்று விட்டுவிட்டு வீசியது. கோயில் கொடி வேலிப் பக்கம் பார்த்து விறைத்து நின்றது. வெக்கை எச்சரிக்கையை வானிலைக்காரர் எடுத்துவிட்டார்கள். அதை எல்லாரும் கைப்பேசியில் பார்த்திருந்தார்கள். புல்தீ எச்சரிக்கையை எடுக்கவில்லை. அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

நான் வேலியோரம் போய்ப் புல்லைப் பிடுங்கிக் கையில் கசக்கினேன். அப்பளம் போல நொறுங்கியது. இரவு பெய்தது தூசியை மட்டும்தான் நனைத்திருந்தது.

கோயில் தலைவர் வந்தார். என்னைவிட இளையவர். நல்ல மனிதர். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இண்டைக்கு உங்களுக்கு வேலையில்லை. வாடை விழுந்திட்டுது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு இருங்கோ."

"சட்டி வெளிவீதியிலை போக ஏலாது" என்றேன்.

"என்னது?"

"தேர் போகலாம். நெருப்புப் போக ஏலாது. சட்டியைப் பின்முற்றத்துக்குள்ளை வைச்சு எடுக்கலாம்."

"அண்ணை, நேற்று வெக்கை. நேற்றுச் சொல்லியிருந்தால் விளங்கும். இண்டைக்குச் சனம் சீலைக்கு மேலை ஜக்கெற் போட்டுக்கொண்டு நிக்குது."

"ஓம். அதாலைதான்."

"நகரசபை அனுமதி தந்திருக்கு."

"அனுமதி போன கிழமை தந்தது. காத்து இண்டைக்கு வந்தது."

வேலிக்கு வெளியே கையை விட்டு ஒரு கோதுமைக் கதிரைப் பிடுங்கிக் கொடுத்தேன். அவர் அதை உருட்டிப் பார்த்தார்.

"கோதுமை எண்டால் காயத்தானே வேணும்" என்றார்.

அதுவும் சரிதான்.

பக்கத்தில் நின்ற ஒருவர், எனக்குக் கேட்கட்டும் என்று, "தமிழன் எண்டு பாத்து எடுத்தது எங்கடை பிழை. ஜெர்மன்காரன் எண்டால் படம் எடுத்துக்கொண்டு பேசாமல் நிண்டிருப்பான்" என்றார்.

"ஓம், நிண்டிருப்பான்" என்றேன்.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார். சட்டி எடுக்க இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் முற்றத்துக்குப் போனார்கள். ஒருவரைத் தவிர.

புவனா அக்கா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மடியில் சட்டியை வைத்துக்கொண்டு வெளிவாசல் படியில் இருந்தார். பக்கத்தில் மடக்குக் கதிரையில் அவருடைய கணவர், இரண்டு சால்வையோடு. அவர் பேக்கரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் பேக்கரி அண்ணை. முந்திய மாரிகாலத்தில் அவருக்கு இருதய ஒப்பரேசன் நடந்தது. பிழைத்தால் கற்பூரச் சட்டி எடுத்து வெளிவீதி சுற்றி வருவேன் என்று அக்கா அம்மனுக்கு நேர்ந்திருந்தார். பிழைத்தார். ஆனால் போட்ட வால்வு சரியாக மூடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பவும் ஒப்பரேசன். டெர்மின் கிடைத்து, நாளும் நேரமும் குறித்தாகிவிட்டது. இது கோயிலில் எல்லாருக்கும் தெரியும்.

"தம்பி, நான் போகவேணும்" என்றார்.

அறுபது தாண்டிய என்னைத் தம்பி என்று கூப்பிட மிச்சமிருந்த சிலரில் அவர் ஒருவர்.

"முற்றத்துக்குள்ளை நிண்டு எடுக்கலாம் அக்கா."

"நான் சுத்திறன் எண்டு கேட்டனான். நிக்கிறன் எண்டு கேக்கேல்லை."

"காத்து வயலுக்கை அடிக்குது அக்கா. அங்காலை சனம்."

"ஒரு கட்டி கற்பூரம். ஒரேயொரு கட்டி. நீர் அந்தச் சிவப்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பக்கத்திலை வாருமன்."

நியாயமான கேள்வி. நான் யோசித்தேன். சண்டை பிடிக்கிறவருக்குப் பதில் சொல்வது சுலபம். நியாயமாகக் கேட்கிறவருக்குத்தான் கஷ்டம். ஒரு சட்டி. ஒரு ஆள். பக்கத்தில் நான். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் எரிகிற துண்டு ஒன்றைக் காற்று தூக்கினால் அது எனக்கு முந்தி வேலியைத் தாண்டும். வேலிக்கு அப்பால் என்னுடைய தீயணைப்புக் குழாய் வெறும் பொம்மை. நெருப்பு வயலைக் கடந்து கார்களுக்குப் போகிற நேரத்தில் தள்ளுவண்டியை மடக்கக்கூட முடியாது. "பெரும்பாலும்" என்பது நமக்குப் போதாது. அதை நினைவில் வையுங்கள்.

"ஏலாது அக்கா" என்றேன்.

பேக்கரி அண்ணை கதிரையில் இருந்து, "புவனா, விடுமன். அந்தாள் தன்ரை வேலையைச் செய்யுது" என்றார்.

"நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. உங்களுக்காகத்தான் கத்திறன்."

அவர் வாயை மூடினார்.

அக்கா என்னிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, முதல் நேத்திக்கடன் அப்பிடியே நிக்குது. அதைச் செய்யாமல் நான் எந்த முகத்தோடை ரெண்டாந்தரம் போய்க் கேக்கிறது? செவ்வாய்க்கிழமை இவருக்கு ஏதும் நடந்தால் நீர் பொறுப்போ?"

சுற்றி நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். தவில் அந்த நேரம் பார்த்து நின்றது.

"ஓம்" என்றேன்.

தலைவர் அவசரமாக இடையில் வந்தார். "அண்ணை ஒரு கதைக்குச் சொல்லிறார் அக்கா."

"இல்லை. ஓம் எண்டு சொன்னவர். அம்மாளின்ரை வாசல்லை நிண்டு சொன்னவர்" என்றார் அக்கா.

வேறு என்ன சொல்வது? காற்றுக்கு நான் பொறுப்பு என்று சொல்லி ஒரு காரியத்தை மறித்துவிட்டேன். மறித்ததால் வருகிறதை யார் தலையில் வைப்பது? மறிக்கிற ஆள் அதையும் சேர்த்துத் தூக்க வேண்டும். பாதியை மட்டும் தூக்க முடியாது.

ஐயரைக் கூப்பிட்டார்கள். பொறுமையான மனிதர். முழுவதையும் கேட்டார். அம்மனிடம் தவணை கேட்கலாம் என்றார். அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆனால் பொறுப்பெடுத்தவர் காப்புக் கட்டவேணும். நேத்தி முடியும்வரைக்கும் அவிழ்க்கேலாது. மச்சம் மாமிசம் ஒண்டும் சாப்பிடேலாது."

"எப்ப முடியும்?" என்று கேட்டேன்.

"அடுத்த திருவிழாவுக்கு."

மஞ்சள் நூலை என் மணிக்கட்டில் கட்டினார். மூன்று முடிச்சு. வேலைக் கையுறைக்கு மேலே தெரியாதபடி கட்டச் சொன்னேன். கட்டினார்.

பெண்கள் முற்றத்தில் சட்டி எடுத்தார்கள். மதிலுக்கு உள்ளேயும் காற்று சுழன்றது. ஒரு முறை பலமாக வீசியதில், அன்னதானத்துக்கு வைத்திருந்த கடதாசித் தட்டு ஒன்று எழும்பி, மதிலைத் தாண்டி, வீதியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கோதுமைக்குள் போய் விழுந்தது. தலைவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.  

அக்கா சட்டி எடுக்கவில்லை. படியிலேயே இருந்தார்.

அன்று ஒன்றும் எரியவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்துப் போனபிறகு, முற்றத்தில் வரிசையாகக் கிடந்த சட்டிகள் ஆறும்வரை நின்றுவிட்டு நானும் போனேன். வாசலில் இரண்டு பேர் கதைத்தது கேட்டது.

"பாத்தியே, ஒண்டும் நடக்கேல்லை. சும்மா மறிச்சவர்."

இதை நீங்களும் கேட்பீர்கள். பதில் சொல்லாதீர்கள். பதில் இல்லை. நான் மறித்ததால் நடக்கவில்லையா, மறிக்காவிட்டாலும் நடந்திருக்காதா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. தான் செய்தது சரி என்று யாராவது வந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர் வேறு வேலை தேடுவது நல்லது. நெருப்பை அணைக்கிறவர்களைப் பத்திரிகையில் போடுவார்கள். நம்மைப் போடமாட்டார்கள்.

வீட்டில் குளிர்ப்பெட்டியில் திங்கட்கிழமைக்கு நண்டு இருந்தது. மனைவி நூலைப் பார்த்தார்.

"இதென்ன?"

சொன்னேன்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரே? அடுத்த திருவிழா மட்டுக்குமோ?"

"ஓம்."

"அந்த மனுசனுக்கு ஏதும் நடந்திட்டால் ஊருக்குள்ளை தலைகாட்டேலுமே?"

"ஏலாது."

அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு, "அப்ப நண்டை நான் சாப்பிடுறன்" என்றார். சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு பள்ளிக்கூடக் கூரையில் நின்றேன். தார் வேலை முடிந்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். கைப்பேசி அடித்தது. புவனா அக்கா.

"தம்பி, ஒப்பரேசனுக்கு உள்ளுக்கை கொண்டு போட்டினம்."

"சரி அக்கா."

"என்ன செய்யிறீர்?"

"கூரையைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"நான் கதவைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

 அவர் கைப்பேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. வைத்தியசாலையில் யாரோ வண்டில் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. எனக்குக் கீழே பள்ளிக்கூட மணி அடித்தது. அப்படியே நின்றோம். என் கைப்பேசியில் சார்ஜ் முடிந்துபோனது.

கீழே இறங்கி, காரில் சார்ஜ் போட்டு எடுத்தேன். மூன்று அழைப்பு வந்திருந்தது. திரும்ப எடுக்க எனக்குக் கை வரவில்லை. நெருப்புக்கு முன்னால் எனக்கு அப்படி நடந்ததில்லை. எடுத்தேன்.

"எங்கை போனனீர்? வெளியாலை கொண்டு வந்திட்டினம். மூச்சு எடுக்கிறார்" என்றார்.

அதோடு முடியவில்லை. நம் வேலை போலத்தான். ஒப்பரேசன்காரர் முடித்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு காய்ச்சல் வந்தது. போனது. திரும்ப வந்தது. காலில் நீர் இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் எனக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, காய்ச்சல் காயுது."

"நான் மச்சம் தொடேல்லை அக்கா."

"தெரியும். உம்மடை மனிசியைக் கேட்டனான்."

பேக்கரி அண்ணை ஒருநாள் தானே எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, அவ குசினிக்கை நிக்கிறா. கெதியாச் சொல்லிறன். எனக்கு ஒண்டுமில்லை. இருமல் மட்டுந்தான். நீர் கோழியைச் சாப்பிடும்."

"ஏலாது அண்ணை."

"ஆர் பாக்கப் போயினம்?"

"ஆரும் பாக்கேல்லை எண்டாலும் நான் நிப்பன் அண்ணை. அதுதான் என்ரை வேலை."

"உம்மோடை கதைக்கிறதுக்கு அவளோடையே கதைக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றேன். முதலாளி எனக்காகக் கிரில் போட்டார். எல்லாரும் இறைச்சி தின்றார்கள். நான் உருளைக்கிழங்குச் சாலட் தின்றேன். உடம்புக்கு ஏதும் வருத்தமோ என்று முதலாளி கேட்டார். சட்டைக் கையை மேலே இழுத்து நூலைக் காட்டி, ஒரு வேலை இன்னும் முடியவில்லை என்றேன். எந்த இடத்தில் என்று கேட்டார். இருதயத்தில் என்றேன். 

அடுத்த திருவிழா வந்தது. அந்தக் கிழமை முழுவதும் மழை. தென்மேற்குக் காற்று, இங்கே அதுதான் ஈரக் காற்று. வயலில் இந்த முறை சோளம். பச்சையாக, சொட்டச் சொட்ட நின்றது. காவலுக்கு நம் நிறுவனத்திலிருந்து உங்களில் ஒரு பெண்பிள்ளை வந்திருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வாசிக்கும்போது அவருக்குத் தன்னைத் தெரியும்.

புவனா அக்கா புதுச் சட்டியோடு நின்றார். கையில் இன்னொரு சட்டியும் இருந்தது.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"நேந்தது நான். காப்பு உம்மடை கையிலை. ரெண்டு பேரும் தூக்கவேணும். ஐயரைக் கேட்டிட்டன்."

நான் தூக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. வேட்டியோடு மழையில் நின்றேன். அக்கா இரண்டு சட்டியிலும் கற்பூரத்தை வைத்தார். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்.

"போகலாமோ?" என்று கேட்டேன்.

அவர் முதலில் வானத்தைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். குனிந்து வீதியோரப் புல்லைக் கையால் அழுத்திப் பார்த்தார். கையை உதறினார். வேலிப் பக்கம் போய் அங்கேயும் குனிந்தார். மழையில் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் என் காதில், "அண்ணை, இந்த மழைக்குள்ளை இவ என்னத்தைப் பாக்கிறா?" என்றார்.

"பாக்கட்டும்" என்றேன்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்தார். "போகலாம் அங்கிள்" என்றார். "குடை மட்டும் சட்டிக்கு மேலை பிடிக்கவேண்டாம்."

அது பேக்கரி அண்ணைக்குச் சொன்னது. அவர் குடையோடு எங்களுக்குப் பின்னால் நின்றார். கதிரை இல்லை. தன் காலில் நின்றார்.

வேலை செய்த காலம் முழுவதும் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றவன் நான். ஒருநாளும் கையில் எடுத்ததில்லை. சட்டி பாரம் இல்லை. சூடு மெல்ல மெல்ல உள்ளங்கைக்கு வருகிறது. எனக்கு முன்னால் தேரில் அம்மன். எல்லாரும் அம்மனைப் பார்த்தார்கள். நான் கொடியைப் பார்த்தேன். பழக்கம்.

"நேரை பாத்து நடவும்" என்றார் அக்கா.

"குடையை என்னிலை பிடியுங்கோ, தம்பியிலை இல்லை" என்று பின்னால் திரும்பிக் கணவரையும் ஏசினார். அவர் குடையை மாற்றிப் பிடித்தார். மூச்சு வாங்கியது. ஆனால் நிற்கவில்லை. நாங்கள் அவருடைய நடைக்கு நடந்தோம். கோயில்காரர் எத்தனையோ பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். சுற்றி வந்து வாசலில் சட்டிகளை இறக்கினோம்.

ஐயர் நூலை வெட்டினார். மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை. "நாளைக்கு உம்மடை மனிசியை மீன் வாங்கச் சொல்லியிருக்கிறன்" என்றார்.

பேக்கரி அண்ணையைக் காப்பாற்றியது அம்மன் என்பார் அக்கா. தான் என்பார் ஒப்பரேசன் செய்த வைத்தியர். தன்னைக் கேட்டால் தனக்கு ஒன்றுமே இருக்கவில்லை என்பார் பேக்கரி அண்ணை. முந்திய வருடம் அந்தக் கோதுமையை யார் காப்பாற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. விவசாயி வந்து வெட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

எல்லாரும் சாப்பிட உள்ளே போனார்கள். மழை விட்டிருந்தது. சட்டிகள் இரண்டும் வாசலோரம் இருந்தன. நெருப்பு அணைந்துவிட்டது. அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்றார்.

"அங்கிள், நீங்கள் பென்சன்தானே. போய்ச் சாப்பிடுங்கோ. நான் நிக்கிறன்."

குனிந்து சட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன்.

"இன்னும் சுடுது" என்றேன்.

இரண்டு பேரும் நின்றோம்.